திறந்து காட்டும் பை

சுருக்குப்பை வைத்திருந்த பாட்டி யார் வீட்டில் இருந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் முடிச்சு அவிழும் நேரம் நன்றாகவே தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் கயிறு. இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். இரண்டு விரலை நுழைத்து விரித்தால் திறந்துகொள்ளும். வெற்றிலைச் சருகுக்கும் பாக்குத் துண்டுக்கும் நடுவே நான்காக மடித்த நோட்டுகள் இருக்கும். இடுப்பில் செருகியிருக்கும் வரை அதில் எவ்வளவு இருக்கிறது என்று பாட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. கயிற்றில் கை வைத்ததும் எல்லோருடைய கண்ணும் அங்கே திரும்பிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாடே அப்படிக் கண்ணைத் திருப்புகிறது. பிப்ரவரி முதல் தேதி காலையில் டெல்லியில் நிதியமைச்சர் வெளியே வந்து, கையில் இருப்பதைப் படக்காரர்களுக்கு உயர்த்திக் காட்டிவிட்டு நாடாளுமன்றத்துக்குப் புறப்படுகிறார். சம்பளக்காரரும் கடைக்காரரும் அன்று முழுக்க உச்சரிக்கும் ‘பட்ஜெட்’ என்ற சொல்லே ஒரு பையின் பெயர்தான். சிறிய தோல்பை, நம் சுருக்குப்பைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம்.

இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலத்தில் பழங்காலத்தில் வாழ்ந்த கால் இன மக்களிடம் தோல்பையைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. அவர்களை வென்ற ரோமானியர்கள் அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு, லத்தீனில் ‘புல்கா’ என்றார்கள். புல்கா பழைய பிரெஞ்சில் ‘பூஜ்’ ஆயிற்று. சிறியதைக் குறிக்கும் விகுதி சேர்ந்து ‘பூஜெத்’ ஆயிற்று. 15 ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்குப் போனது. அங்கே முதலில் பையைக் குறித்தது; பிறகு பைக்குள் இருப்பதையும் குறிக்கத் தொடங்கியது. அரசாங்கத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் அதுவரை ஒரு தொடர்பும் இல்லை.

தொடர்பை உண்டாக்கியது ஒரு கேலி. 1733 இல் பிரிட்டனின் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் வால்போல், ஒயினுக்கும் புகையிலைக்கும் புதிய முறையில் கலால் வரி போடத் திட்டமிட்டார். நாடு கொதித்தது. அப்போது வெளிவந்த ஒரு துண்டுப் பிரசுரம், பட்ஜெட் திறக்கப்பட்டது என்ற பொருள்படும் தலைப்போடு அவரைக் கிண்டல் செய்தது. சந்தையில் கூட்டம் சேர்த்துப் பையைத் திறந்து, ஒவ்வொரு குப்பியாக எடுத்து எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கும் போலி வைத்தியரைப் போல நிதியமைச்சரான வால்போல் வரிகளை எடுத்து வைக்கிறார் என்பது அதன் சாரம். வால்போல் திட்டத்தைக் கைவிட்டார். கேலி நிலைத்துவிட்டது. அதே நூற்றாண்டு முடிவதற்குள், நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கைச் சொல்ல எழுந்தால் அவர் ‘பட்ஜெட்டைத் திறக்கிறார்’ என்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் எல்லோரும் இயல்பாகப் பேசினார்கள்.

பிரான்ஸிலிருந்து பையாகப் போன சொல் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கக் கணக்காகப் பிரான்ஸுக்கே திரும்பியது. பிறந்த வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலச் சொல் என்று எண்ணியே பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள்.

அதுவரை வெறும் சொல்லாக இருந்த இந்தப் பைக்கு மரத்தாலும் தோலாலும் ஒரு சிவப்புப் பெட்டியாக உடம்பு கிடைத்தது வில்லியம் யூவார்ட் கிளாட்ஸ்டன் காலத்தில்தான். நாலு முறை பிரதமர், நாலு முறை நிதியமைச்சர். 1832 இல் 22 வயதில் நியூவார்க் தொகுதியில் வென்றவர், இடையில் ஒன்றரை ஆண்டு அளவுக்கு ஒரு சிறு இடைவெளி தவிர, 1895 வரை காமன்ஸ் அவையிலேயே இருந்தார். 60 ஆண்டுகளுக்கு மேல். ரயில் புதுமையாக இருந்த காலத்தில் உள்ளே வந்தவர், தொலைபேசி வந்த பிறகு வெளியே போனார்.

அவர் பிறந்தது 1809 டிசம்பர் 29, லிவர்பூல். அப்பா ஜான் கிளாட்ஸ்டன் பெரும் வணிகர். தென் அமெரிக்காவின் கரையில் இருந்த டெமராராவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். 1833 இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, புதிதாக அவைக்கு வந்திருந்த மகன் எழுந்து, அப்பாவின் தோட்ட நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசினார். சட்டம் நிறைவேறியது. நஷ்டஈடு அடிமைகளுக்குக் கிடைக்கவில்லை, உடைமையாளர்களுக்குக் கிடைத்தது. ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது 1,00,000 பவுண்டுக்கும் மேல். 2,500 பேருக்கு மேற்பட்ட மனிதர்களுக்கான விலை அது.

விடுதலையானவர்கள் இனித் தோட்டத்தில் நிற்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்ட அந்த வணிகர், 1836 இல் கல்கத்தாவில் இருந்த ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்ப முடியுமா? 1838 மே மாதம் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் ஏறத்தாழ 400 பேரோடு இன்றைய கயானாவின் கரையைத் தொட்டன. வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜான் கிளாட்ஸ்டனின் தோட்டங்களுக்கே போனார்கள். நோயிலும் சவுக்கடியிலும் பலர் மடிந்த செய்தி லண்டனுக்கு எட்டியதும் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1845 இல் மறுபடியும் தொடங்கியது. அப்போது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. கயானாவில் இன்றும் ‘மதராசிகள்’ எனப்படும் குடும்பங்களின் முன்னோர் அவற்றில்தான் ஏறினார்கள். சிவப்புப் பெட்டியின் கதையில் இந்தக் கணக்கையும் எழுதாமல் விட்டால் கதை முழுமையாகாது.

மகன் அப்பாவின் பக்கத்திலேயே நின்றுவிடவில்லை. டோரி கட்சிக்காரராகத் தொடங்கியவர் பத்தாண்டு பத்தாண்டாக நகர்ந்து லிபரல் கட்சியின் தலைவரானார். முதுமையில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரப் போராடித் தன் கட்சியே உடைவதைக் கண்டார். அவரை இப்படி நகர்த்தியவற்றில் முக்கியமானது கணக்கு. வரவு செலவைப் பார்க்கப் பார்க்க, எந்த வரி யார் வீட்டு அடுப்பில் போய் முடிகிறது என்பது அவருக்குத் தெரிய ஆரம்பித்தது.

1852 டிசம்பர் 16. அப்போதைய நிதியமைச்சர் பெஞ்சமின் டிஸ்ரேலியின் பட்ஜெட் மீதான விவாதம் நள்ளிரவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டிஸ்ரேலி பதில் சொல்லி அமர்ந்ததும் விவாதம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வழக்கத்தை மீறி கிளாட்ஸ்டன் எழுந்தார். எண் எண்ணாக எடுத்து அந்தப் பட்ஜெட்டைப் பிரித்துப் போட்டார். விடிவதற்குள் பட்ஜெட் தோற்றது, அரசாங்கமும் கவிழ்ந்தது. அடுத்து அமைந்த அரசில் நிதியமைச்சர் அவரே.

1853 ஏப்ரல் 18 அன்று அவர் தன் முதல் பட்ஜெட்டைத் திறந்தார். பேச்சு 4 மணி 45 நிமிடம். இடைவெளி இல்லாமல் நிகழ்ந்த பட்ஜெட் உரைகளில் மிக நீண்டது இன்றும் அதுதான். தொண்டை வறளாமல் இருக்க அவர் வைத்துக்கொண்டது ஷெர்ரி மதுவில் அடித்துக் கலந்த முட்டை. காமன்ஸ் அவைக்குள் மது அருந்தும் உரிமை பட்ஜெட் நாளில் நிதியமைச்சர் ஒருவருக்கு மட்டுமே உண்டு. அவருக்குப் பின் வந்த பலரும் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள்.

அந்த உரை சோப்பின் மீதிருந்த வரியை எடுத்தது, தேயிலை வரியைக் குறைத்தது. ஏழை வீட்டுக்குள் போகும் பொருள்களின் மேல் இருந்த சுமை இறங்கியது. இன்னொன்றும் சொன்னது: வருமான வரி படிப்படியாகக் குறைந்து 1860 இல் அடியோடு நின்றுவிடும். கிளாட்ஸ்டன் அதை மனப்பூர்வமாக விரும்பினார். கையில் பணம் தாராளமாக இருக்கும் அரசு தாராளமாகப் போருக்கும் போகும் என்பது அவருடைய அச்சம். மறுஆண்டே கிரிமியப் போர் வந்தது. நிற்கவிருந்த வரி இரண்டு மடங்காயிற்று. ஒழிக்கப் பார்த்தவரின் கையாலேயே அது வேர்பிடித்துவிட்டது.

அவர் வரியை ஒழிப்பதாகச் சொன்ன 1860 ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தப் பெட்டி செய்யப்பட்டது. மரத்தால் ஆன சிறிய பெட்டி. மேலே இழுத்துப் போர்த்திய கருஞ்சிவப்புத் தோல், உள்ளே கறுப்பு சாட்டின் துணி. மூடியில் பொன் நிறத்தில் விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள். தூக்கிப் போக ஒரு கைப்பிடி. பிரிட்டனில் அமைச்சர்களின் கோப்புகள் சிவப்புப் பெட்டிகளில் போவது வழக்கம். இது அவற்றில் ஒன்று, அவ்வளவே. கை பட்டுப் பட்டு அதன் மூலைகளில் தோல் தேய்ந்து, நிறம் மங்கி, அடியில் இருந்த மரம் மெல்ல எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. நூற்றைம்பது ஆண்டுகள் அது உழைக்கப்போகிறது என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1860 பட்ஜெட் பெட்டிக்குத் தகுந்த பட்ஜெட். சுங்க வரி விதிக்கப்பட்ட பொருள்கள் 419. அவற்றை 48 ஆகக் குறைத்தார் கிளாட்ஸ்டன். பிரான்ஸோடு செய்த வணிக உடன்பாட்டால் பிரெஞ்சு ஒயினின் வரி சரிந்தது. சாதாரண மனிதரும் வாங்கக்கூடிய அந்த மலிவு ஒயினுக்கு ‘கிளாட்ஸ்டன் கிளாரெட்’ என்றே பெயர் வந்தது. காகித வரியையும் எடுக்கப் பார்த்தார். காகிதம் மலிந்தால் நாளிதழ் மலியும், எளிய மக்கள் படிப்பார்கள். பிரபுக்கள் சபை அந்த மசோதாவை நிராகரித்தது. மறுஆண்டு அவர் ஒரு வேலை செய்தார். எல்லா வரி மாற்றங்களையும் ஒரே மசோதாவாகக் கட்டி அனுப்பினார். மொத்தத்தையும் ஏற்க வேண்டும், அல்லது மொத்தத்தையும் தள்ள வேண்டும். பிரபுக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நாட்டின் நிதித் திட்டம் முழுவதும் ஒரே கட்டாக அவைக்கு வரும் வழக்கம் வேரூன்றியது அப்படித்தான். இங்கிலாந்தில் மலிவு விலை நாளிதழ்கள் பெருகியதும் அதன் பிறகே.

அதே 1860 இல் பட்ஜெட் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்ற சிற்றூரில் பிறந்து, தொப்பி வியாபாரத்தில் கைதேர்ந்து, ‘எக்கானமிஸ்ட்’ இதழைத் தொடங்கி, இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் ஒரு பாதியான சார்ட்டர்ட் வங்கிக்கும் அடித்தளம் இட்டவர். கிளாட்ஸ்டன் முதல்முறை நிதியமைச்சராக இருந்தபோது கருவூலத்தில் அவருக்குக் கீழே நிதிச் செயலாளராக வேலை பார்த்தவரும் அவரே. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசின் கஜானா காலியாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்ட வில்சன் 1859 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். சில மாதங்களில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். குருநாதர் லண்டனில் ஒழிக்க நினைத்த வருமான வரியைச் சீடர் கல்கத்தாவில் நட்டார்.

எதிர்ப்பு கிளம்பியது சென்னையிலிருந்து. குரல் கொடுத்தவர் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன். இந்த மக்களுக்கு இந்த வரிகள் பொருந்தாது என்று கடுமையாக எழுதினார். எழுதியதோடு நிறுத்தாமல் அந்தக் குறிப்பைச் செய்தித்தாளில் வெளிவரச் செய்தார். லண்டன் அவரை உடனே திருப்பி அழைத்தது. ட்ரெவெல்யனும் அதே லண்டன் கருவூலத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். தேர்வு எழுதித்தான் அரசு வேலைக்கு வர வேண்டும் என்று 1854 இல் கிளாட்ஸ்டனின் தூண்டுதலில் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர். ஓர் அலுவலகத்தின் இரண்டு பழைய ஆட்கள் கல்கத்தாவிலும் சென்னையிலும் உட்கார்ந்து மோதிக்கொண்டார்கள். வில்சன் 1860 ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பால் கல்கத்தாவிலேயே இறந்தார். வந்து ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. பிறகு அதே ட்ரெவெல்யன் இந்திய அரசின் நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். 1865 இல் அந்த வருமான வரி காலாவதியானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். வரி பிற்பாடு வேறு வடிவங்களில் திரும்பி, 1886 சட்டத்தோடு நிலைத்துவிட்டது.

பெட்டியை உயர்த்திக் காட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? லண்டனில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். ஜார்ஜ் வார்ட் ஹன்ட் என்பவர் 1868 இல் நிதியமைச்சர். பட்ஜெட் நாளன்று அவைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே உரை இல்லை. வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதன் பிறகு வந்தவர்கள் வாசலிலேயே பெட்டியைத் தூக்கிக் காட்டி, இதோ எடுத்துக்கொண்டேன் என்று சொல்லாமல் சொல்ல ஆரம்பித்தார்களாம். இன்று நாடு நாடாகப் பரவியிருக்கும் ஒரு காட்சிக்கு மூலம் ஒரு மறதி என்று அந்தக் கதை சொல்கிறது.

புகழ் இருக்கும் இடத்தில் வியாபாரிகளும் இருப்பார்கள். உறுதியான சட்டத்தில் தோலைப் பொருத்தி, நடுவில் பிளந்து இரண்டு பாதியாகத் திறக்கும் ஒரு பயணப் பையை லண்டன் தோல்வணிகர் ஒருவர் செய்து, ‘கிளாட்ஸ்டன் பை’ என்று பெயர் சூட்டினார். விற்பனை சூடுபிடித்தது. மற்றவர்களும் பார்த்துச் செய்தார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவர்களின் கையில் அது நிரந்தரமாகத் தங்கியது. வால்போலைப் பை திறக்கும் போலி வைத்தியர் என்று கேலி செய்த நாட்டில், ஒன்றரை நூற்றாண்டுக்குள் உண்மையான வைத்தியர்கள் ஒரு நிதியமைச்சரின் பெயர் கொண்ட பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள்.

அவருடைய பட்டமும் பயணம் போனது. முதுமையில் கிளாட்ஸ்டனை நாடே ‘முதுபெரும் மனிதர்’ என்று அழைத்தது. 1892 இல் அவர் 82 வயதில் நான்காம் முறை பிரதமரான அதே தேர்தலில், அவருடைய லிபரல் கட்சியின் சார்பில் லண்டன் ஃபின்ஸ்பரி தொகுதியில் வென்றார் தாதாபாய் நௌரோஜி. இந்தியாவின் முதுபெரும் மனிதர் என்று நாம் பள்ளியில் படித்த அதே நௌரோஜி. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எவ்வளவு வெளியே வடிகிறது என்று வாழ்நாள் முழுவதும் கணக்குக் கேட்டவர் அவர். அந்த ஆண்டு வந்த சட்டம் இந்தியச் சட்டமன்ற உறுப்பினர்களை பட்ஜெட் பற்றி விவாதிக்க விட்டது. வாக்களிக்க மட்டும் விடவில்லை. பையைத் திறந்து காட்டினார்கள். அதற்குள் கை வைக்க முடியாது.

இந்தியச் செலவுகளை ஆராய 1895 இல் ஓர் அரச ஆணையம் அமைந்தது. தலைவர் வெல்பி பிரபு, கிளாட்ஸ்டனின் கருவூலத்தில் வளர்ந்த அதிகாரி. நௌரோஜி உறுப்பினர்களில் ஒருவர். 1897 இல் அதன் முன் சாட்சியம் சொல்ல லண்டனுக்குக் கப்பலேறியவர்களில், ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ‘சுதேசமித்திரன்’ நிறுவனருமான ஜி. சுப்பிரமணிய ஐயரும் உண்டு. தஞ்சை மண்ணில் பிறந்த ஒரு பத்திரிகையாளர் பேரரசின் தலைநகரில் அமர்ந்து, எங்கள் பணம் எங்கே போகிறது என்று எண்களோடு கேட்டார். அடுத்த ஆண்டு, 1898 மே 19 அன்று, வேல்ஸின் ஹாவர்டன் இல்லத்தில் கிளாட்ஸ்டன் இறந்தார். உடலை வெஸ்ட்மின்ஸ்டர் வரை சுமந்து வந்தது லண்டனின் பாதாள ரயில்.

பெட்டி தொடர்ந்து வேலைக்குப் போனது. இந்தியாவிலோ பட்ஜெட்டுக்கு ஒரு வினோதமான நேரம் வாய்த்தது. 1924 முதல், நிதிப் பொறுப்பாளர் பேசில் பிளாக்கெட் காலத்தில், மாலை 5 மணிக்குப் படிக்கும் வழக்கம் வந்தது. நமக்கு மாலை என்றால் லண்டனுக்குப் பகல். அங்கே உள்ளவர்கள் அலுவலக நேரத்திலேயே அறிந்துகொள்ளலாம். ஆட்சி போன பிறகும் கடிகாரம் மாறவில்லை. 1999 இல் யஷ்வந்த் சின்ஹா காலை 11 மணிக்குப் படிக்கும் வரை சுதந்திர இந்தியா 50 ஆண்டுகளுக்கு மேல் லண்டன் வசதிக்கே தன் கணக்கைப் படித்தது.

1947 நவம்பர் மாதத்தில் இந்தப் பையின் இரண்டு கதைகள் இரண்டு வாரத்துக்குள் நடந்தன. 12 ஆம் தேதி லண்டனில் நிதியமைச்சர் ஹியூ டால்டன் பட்ஜெட் படிக்க அவைக்குள் நுழையும்போது, வழியில் நின்ற ஒரு செய்தியாளரிடம் வரி மாற்றங்களை இரண்டொரு வாக்கியத்தில் சொன்னார். அவர் பேச்சில் அந்த இடத்தை எட்டும் முன்பே மாலைச் செய்தித்தாள் அதை அச்சிட்டுவிட்டது. மறுநாள் டால்டன் பதவி விலகினார். பெட்டியைப் பத்திரமாகப் பூட்டி எடுத்து வந்தவர் வாயைத் திறந்து பதவியை இழந்தார்.

26 ஆம் தேதி டெல்லியில், தோல்பையோடு வந்து சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். நீதிக்கட்சியில் இருந்தவர், கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதிய தமிழறிஞர். கடல் வணிகத்தின் கணக்கும் ஒரு வணிகக் குடும்பத்தின் வீழ்ச்சியும் நிறைந்த காண்டம் அது. அவர் முன் இருந்தது ஏழரை மாதத்துக்கான கணக்கு: வரவு ஏறத்தாழ 171 கோடி ரூபாய், செலவு ஏறத்தாழ 197 கோடி. செலவில் பாதியை நெருங்கும் தொகை பாதுகாப்புக்கே போனது. பிரிவினையின் நெருப்பு அணையாத அந்த மாதங்களில் அதைத் தவிர்க்க வழியில்லை. அவருக்குப் பின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று அந்தப் பை திரும்பத் திரும்பத் தமிழர் கைக்கு வந்திருக்கிறது.

பை வந்தாலும் தமிழில் அதற்குப் பல பெயர்கள். நம் அரசமைப்புச் சட்டத்தில் ‘பட்ஜெட்’ என்ற சொல்லே கிடையாது. 112 ஆவது பிரிவு அதை ஆண்டு நிதிநிலை அறிக்கை என்கிறது. பேச்சு வழக்கில் வரவு செலவுத் திட்டம். இலங்கைத் தமிழர்கள் ஓர் அழகான சொல்லை வைத்திருக்கிறார்கள்: பாதீடு. பகுத்து இடுவது. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாகப் பாதீட்டைச் சொல்கிறது. கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் பொருள். மாடுகளைப் பங்கிட்ட சொல் கொழும்பில் வரிப்பணத்தைப் பங்கிடுகிறது. பையின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய சிவப்புப் பெட்டிக்கு ஓய்வு எளிதில் கிடைக்கவில்லை. 1965 இல் ஜேம்ஸ் காலஹன் அதை வைத்துவிட்டுப் புதிய பெட்டியை எடுத்தார். அடுத்து வந்தவர்கள் பழையதற்கே திரும்பினார்கள். 1990களின் தொடக்கத்தில் நார்மன் லாமண்ட் அதைத் தூக்கிக் காட்டிய நாளில் பெட்டிக்குள் இருந்தது ஒரு விஸ்கி புட்டி. உரை உதவியாளரின் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பின்னால் வந்தது. 1997 இல் கார்டன் பிரவுன் தன் ஊர்ப்பக்கம் உள்ள ரொசைத் கப்பல்துறையில் தொழில் பழகும் நான்கு இளைஞர்களைக் கொண்டு புதுப்பெட்டி செய்துகொண்டார். அடுத்தவர் மறுபடியும் கிளாட்ஸ்டன் பெட்டியை எடுத்தார். 2010 ஜூனில் ஜார்ஜ் ஆஸ்பர்ன் கடைசியாக ஒருமுறை அதைத் தூக்கிக் காட்டியபோது, தோல் உரிந்து, கையில் எடுப்பதே ஆபத்து என்ற நிலை. 150 ஆண்டுச் சேவைக்குப் பிறகு பெட்டி அருங்காட்சிப் பொருளாயிற்று; மறுஆண்டு அதன் சாயலில் புதிய சிவப்புப் பெட்டி வந்தது.

பிரதிகள் அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தன. கென்யாவில் நிதியமைச்சர் பட்ஜெட் நாளில் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். கனடா வேறு வழியில் போனது: அங்கே பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சர் புதுக் காலணி வாங்கி அணிவது சம்பிரதாயம். இந்தியாவில் ஒரே பெட்டி கைமாறவில்லை, ஆளுக்கொரு பை. 1991 இல் மன்மோகன் சிங் கையில் இருந்த கறுப்புப் பையை இறக்குமதித் தடைகள் தளர்ந்த கதையோடு சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

2019 ஜூலை 5 அன்று, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் தோல்பையைக் கைவிட்டார். அவர் கையில் இருந்தது சிவப்புத் துணியில் பொதிந்து, கயிறு சுற்றி, மேலே தேசியச் சின்னம் பதித்த ஒரு கட்டு. அந்தத் துணியைத் தன் மாமி தைத்துக் கொடுத்ததாகப் பிறகு சொன்னார். இப்படித் துணியில் கட்டிய கணக்கேட்டை வட இந்திய வணிகர்கள் ‘பஹி காத்தா’ என்பார்கள். ஆயுத பூஜையன்று மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்கு எழுதும் நம் கடைக்காரர்களுக்கும் அந்தக் காட்சி புதிதல்ல. 2021 பிப்ரவரியில் சிவப்பு உறைக்குள் ஒரு டேப்லெட் கணினி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று சென்னையில் பழனிவேல் தியாகராஜன் தமிழகத்தின் முதல் காகிதமில்லா பட்ஜெட்டைப் படித்தார். காகித வரியை ஒழிக்கப் பிரபுக்களோடு மல்லுக்கட்டிய கிளாட்ஸ்டனின் பை, ஒருவழியாகக் காகிதத்தையே விட்டுவிட்டது.

தோல் துணியானது, துணி கண்ணாடித் திரையானது. மாறாமல் வந்தது அதைத் திறக்கும் கடமை. அந்தக் கடமையில் கிளாட்ஸ்டன் செய்த பெரிய வேலையைப் பெட்டியின் படத்தில் பார்க்க முடியாது. செலவுக்கு முன் பையைத் திறந்து காட்டுவது அவருக்கு முன்பே இருந்தது. செலவான பின் அதை இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1861 இல் காமன்ஸ் அவையில் பொதுக் கணக்குக் குழுவை அமைத்தார். 1866 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அரசின் ஒவ்வொரு துறையும் தன் கணக்கைத் தணிக்கையாளர் முன் வைத்தே தீர வேண்டும் என்று செய்தார்.

அந்த ஏற்பாடும் பெட்டியைப் போலவே கடல் கடந்தது. இந்தியாவில் பொதுக் கணக்குக் குழு 1921 இல் பிறந்தது. 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருப்பது மரபு. செலவழித்தவரைக் கேள்வி கேட்க, செலவழிக்காதவர் அந்த நாற்காலியில் அமர்கிறார். அங்கே தூக்கிக் காட்ட சிவப்புப் பெட்டி எதுவும் இல்லை, வாசலில் படக்காரர்களும் இல்லை. மேஜையின் ஒரு பக்கம் தணிக்கை அறிக்கையோடு உறுப்பினர்கள், எதிரே ஒரு துறையின் செயலர். இன்ன ஆண்டு இன்ன வேலைக்கு இவ்வளவு கொடுத்தோம், அது என்ன ஆயிற்று என்று யாரோ ஒருவர் கேட்கிறார். அந்த நேரத்தில் பை இரண்டாம் முறை திறக்கிறது.